பரம்பரையா வளர்ப்பா? எல்லாரும் கேக்கிற கேள்விகளும் என்ட பதில்களும்

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஏஎல் பயோ படிப்பிக்கிற ஆள். கிளாஸ்ல பரம்பரை எண்டா மெண்டலின்ட பட்டாணியோட பாடம் முடிஞ்சிரும், ஆனா புள்ளையளக் கூட்டிப்போக வாற தாய் தகப்பன்மார் கேக்கிற கேள்வியள் பட்டாணிக்குள்ள இல்ல. கலியாண வீட்டிலயும் அதே கேள்வி, வாட்சப்பிலயும் அதே கேள்வி, ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதில எழுதி வைக்கிறன். கேட்டாக்கள் கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கன். மேல இருந்து வாசிச்சா நல்லம், கீழ உள்ள பதில் கனக்க மேல சொன்னத நம்பித்தான் நிக்குது.

டீச்சர், சுருக்கமா சொல்லுங்க, பரம்பரையா வளர்ப்பா, எது பெரிசு?

எதப் பத்திக் கேக்கிறீங்க எண்டதப் பொறுத்தது. ரத்த வகை தாய் தகப்பன்ட ஜீன்ல (மரபணுவில) வாறது, என்னத்த தின்னக் குடுத்தாலும் ஓ பொசிட்டிவ் புள்ள ஏ பொசிட்டிவ் ஆகாது. எந்தப் பாஷ கதைக்கிறது எண்டது முழுக்க வளர்ப்பு, ஆரையம்பதியில பிறந்த புள்ளைய கைக்குழந்தையா கொண்டுபோய் உகனையில வளத்தா அது சிங்களம்தான் கதைக்கும்.

மத்ததெல்லாம், உயரம், நிறை, சீனி வருத்தம் (நீரிழிவு), படிப்பு, கூச்சம், கோவம், எல்லாம் ரெண்டும் கலந்தது. எங்கட பழசுகளும் ஒரு பக்கம் நிக்கல்ல, ‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா’ எண்டதும் அவங்கதான், ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ எண்டதும் அவங்கதான்.

இந்தச் சண்டைய ஆரு தொடங்கினது?

பிரான்சிஸ் கால்டன் எண்ட இங்கிலாந்துக்காரர், டார்வின்ட சொந்தக்காரர். 1869ல பேர்பெத்த ஆக்கள்ற குடும்பங்கள ஆராஞ்சு, கெட்டித்தனம் ரத்தத்தில வருது எண்டு புத்தகம் போட்டார். ஜட்ஜின்ட மகன் ஜட்ஜாகிறதுக்கு காசும் பள்ளிக்கூடமும் ஆள் பழக்கமும் காரணமா இரிக்கலாமே எண்டு அவர் பெரிசா யோசிக்கல்ல. 1875ல இரட்டப் புள்ளையள வச்சு ஆராயலாம் எண்டு சொன்னதும் அவர்தான், அது நல்ல யோசனை. 1883ல, நல்ல பரம்பரைய மட்டும் பெருக்கணும் எண்ட கொள்கைக்கு பேர் வச்சதும் அவர்தான், அது போய் முடிஞ்ச இடம் கீழ வரும்.

மறுபக்கம், 1920களில அமெரிக்காவில ஜோன் வாட்சன் எண்டவர் நல்ல சுகமான கைக்குழந்தையளத் தாங்க, டொக்டராவும் ஆக்குவன் கள்ளனாவும் ஆக்குவன் எண்டு சவால் விட்டார். ரெண்டு பேரும் அளவுக்கு மிஞ்சினவங்கதான்.

எங்கட குடியே தாய்வழி தானே, அப்ப புள்ளைட குணமும் அறிவும் தாயில இருந்துதானா?

குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய்வழியா வாறதும், வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குப் போறதும் எங்கட மட்டக்களப்பு வழமை. மனிசர் போட்ட ஒழுங்கு, ஜீனுக்கு அது தெரியாது. ஜீன் அடுக்கியிருக்கிற குரோமோசோம் தாய்ட பக்கம் 23, தகப்பன்ட பக்கம் 23. தாயில இருந்து மட்டும் வாற ஒண்டு இரிக்கி, கலத்துக்குள்ள சக்தி எடுக்கிற மைட்டோகொண்ட்ரியா, அதில 37 ஜீன்தான். மொத்தமா மனிசருக்கு 20,000 அளவு ஜீன் இரிக்கி, கணக்க நீங்களே பாருங்க.

ஆம்புளப் புள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயில இருந்து மட்டும்தான் கிடைக்கும், அதால சிவப்பு பச்ச நிறம் பிரிச்சுப் பாக்க ஏலாத குறை பொடியனுக்கு தாய்வழியா வரும், இது மெய். ‘அறிவு தாயில இருந்துதான் வருது எண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிட்டாங்க’ எண்டு பேஸ்புக்கில சுத்துற போஸ்ட் மெய்யில்ல. அறிவோட சம்பந்தப்பட்ட ஜீன் ஆயிரக்கணக்கில எல்லாக் குரோமோசோமிலயும் பரந்து கிடக்கு.

இரட்டப் புள்ளையள வச்சு என்னத்தக் கண்டுபிடிச்சாங்க?

அச்சு ஒட்டின மாதிரி இரிக்கிற இரட்டையர் ஒரே கருவில இருந்து பிரிஞ்சதுகள், ஜீன் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு ஒண்டு. மத்த இரட்டையர் சாதாரண சகோதரங்கள் மாதிரித்தான், சராசரியா பாதி. ரெண்டு வகையும் ஒரே வீட்டில ஒண்டாத்தான் வளருதுகள். அப்ப அச்சு இரட்டையர் ஒரு விசயத்தில மத்த இரட்டையர விட கூட ஒத்துப்போனா, அந்தக் கூடின பங்கு ஜீனால எண்டு கணக்குப் போடலாம். 2015ல இப்பிடி அம்பது வருசத்து ஆராய்ச்சியெல்லாம் சேத்துப் பாத்தாங்க, 2,748 கட்டுரை, ஒரு கோடி நாப்பது லட்சத்துக்கு மேல சோடி, எல்லா இயல்பையும் சராசரி எடுத்தா பரம்பரைப் பங்கு 49 வீதம். பாதிக்குப் பாதி எண்டு வச்சுக்கங்க.

அமெரிக்காவில பிறந்து நாலு கிழமையில பிரிஞ்சு, 1979ல 39 வயசில சந்திச்ச ஜிம் எண்ட ஒரே பேருள்ள ரெண்டு அச்சு இரட்டையர்ட கதைய கனபேர் சொல்லுவாங்க. ரெண்டு பேரும் முதல்ல கட்டினது லிண்டா, ரெண்டாவதா கட்டினது பெட்டி. கேக்க நல்லாத்தான் இரிக்கி, ஆனா பொண்டாட்டிட பேர ஜீன் எழுதி வைக்காது. தற்செயலா ஒத்த விசயங்கள்தான் பேப்பரில வரும், ஒவ்வாத ஆயிரம் விசயம் வராது. அவங்களப் பாத்துத்தான் மினசோட்டாவில பிரிஞ்சு வளந்த இரட்டையர்ட பெரிய ஆராய்ச்சி தொடங்கினது, எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கத்தான்.

உயரம் 80 வீதம் பரம்பரை எண்டு வாசிச்சன். அப்ப என்ட அஞ்சடியில நாலடி அப்பா அம்மா தந்தது, ஒரு அடி சோறு தந்ததா?

இல்ல கா! கூடப் பிழைக்கிறது இந்த இடத்திலதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன். அந்த வீதம் ஒரு ஆளுக்குரியதே இல்ல. ஒரு கூட்டத்தில ஒருத்தர் நெட்டை ஒருத்தர் கட்டை எண்டு வித்தியாசம் இரிக்கிதே, அந்த வித்தியாசத்தில எவ்வளவு பங்கு ஜீன் வித்தியாசத்தால எண்டதுதான் அந்த 80. அதுவும் அந்தக் கூட்டம், அந்தக் காலம், அந்தச் சாப்பாடு இதுக்கு மட்டும்தான் பொருந்தும்.

ரிச்சர்ட் லெவொன்டின் எண்ட விஞ்ஞானி 1970ல சொன்ன விதைக் கணக்க எங்கட வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, மாத்திச் சொல்றன். பல இன விதநெல்லு கலந்த ஒரு மூடைய எடுத்து பாதிய கல்லோயாத் தண்ணி பாயிற நல்ல வயலில வீசுறீங்க, பசளையும் நேரத்துக்குப் போகுது. மத்தப் பாதிய வாவியோரம் உப்புப் பூத்த காணியில வீசுறீங்க. நல்ல வயலுக்குள்ள ஒரு பயிர் நெட்டை ஒண்டு கட்டை, எல்லாத்துக்கும் ஒரே தண்ணி ஒரே பசளை, அப்ப அந்த வித்தியாசம் விதையால. உப்புக் காணிக்குள்ளயும் அப்பிடித்தான். ஆனா ரெண்டு வயலையும் பக்கத்தில வச்சுப் பாத்தா உப்புக் காணிப் பயிர் முழங்காலுக்கும் வராது, அந்த வித்தியாசம் முழுக்க மண்ணால. வயலுக்குள்ள பரம்பரைப் பங்கு 100 வீதம் எண்டாலும் வயலுக்கும் வயலுக்கும் இடையில விதைட பங்கு ஒண்டுமில்ல. இத மறக்காதீங்க, கீழ ரெண்டு மூண்டு தரம் வரும்.

இன்னொண்டு. மனிசருக்கு ரெண்டு கால் எண்டது ஜீன் போட்ட திட்டம்தான், ஆனா எங்கட ஊர்ல ஒரு கால் இல்லாம ஆக்கள் இரிக்காங்கெண்டா அது கண்ணிவெடி, ஷெல், அக்சிடன்ட், சீனி வருத்தத்தில வெட்டினது. கால் எண்ணிக்கை வித்தியாசத்தில பரம்பரைப் பங்கு பூச்சியத்துக்குக் கிட்ட. அதால வீதம் குறைவு எண்டா ஜீனுக்கு வேலையில்ல எண்டும் இல்ல, வீதம் கூட எண்டா மாத்தவே ஏலாது எண்டும் இல்ல.

நானும் அவரும் கட்டை. புள்ளைக்கு என்னத்தக் குடுத்து என்ன, வளரவா போகுது?

தென் கொரியாவப் பாருங்க. அங்க 1996ல பிறந்த பொம்புளையள் நூறு வருசத்துக்கு முந்திப் பிறந்தவங்கள விட 20 சென்ரிமீட்டர் உயரம். நூறு வருசத்தில ஜீன் அப்பிடி மாறாது, சாப்பாடும் சுகாதாரமும்தான் மாறினது. இலங்கையில 2016 கணக்கெடுப்பில அஞ்சு வயசுக்குக் கீழ 17.3 வீதம் புள்ளையள் வயசுக்கேத்த உயரம் இல்லாம இருந்துதுகள், அது முழுக்கப் பரம்பரை எண்டு ஆரும் சொல்ல ஏலாது.

வயித்தில உண்டானதில இருந்து ரெண்டு வயசு வரைக்கும் உள்ள காலம்தான் முக்கியம். கிளினிக் கார்ட்ல மிட்வைப் மிஸ் புள்ளி வச்சுக் கீறுற கோட்டப் பாருங்க, உங்கட புள்ளைட கோடு கீழ் வரியோட ஒட்டிப் போனாலும் சீரா மேல ஏறிக்கொண்டு போனா அது பெரும்பாலும் உங்கட கட்டைதான், பயப்பட ஒண்டுமில்ல. ஏறிக்கொண்டு வந்த கோடு படுத்தா, இல்லாட்டி ஒரு வரியில இருந்து கீழ் வரிக்கு விழுந்தா அதப் பரம்பரை எண்டு விடக் கூடாது, சாப்பாடோ வருத்தமோ காரணமா இரிக்கலாம். ‘எங்கட ஆக்கள் இப்பிடித்தான்’ எண்டு விடாம மிஸ்ஸிட்டக் கேளுங்க.

எங்கட வாப்பா, பெரியப்பா, மாமி எல்லாருக்கும் சீனி. எனக்கும் வரத்தானே போகுது, மறுகா என்னத்துக்கு சோத்தக் குறைக்க?

வாறதுக்குச் சான்ஸ் கூட எண்டது மெய், நிச்சயம் எண்டது பொய். அமெரிக்காவில சீனி எல்லைக்குக் கிட்ட நிண்ட 3,000க்கு மேல ஆக்கள வச்சு ஆராய்ச்சி செஞ்சு 2002ல சொன்னாங்க, நிறையில 7 வீதம் குறைச்சு கிழமைக்கு 150 நிமிசம் நடக்கிற இலக்கோட நிண்ட கூட்டத்துக்கு வருத்தம் வாறது 58 வீதம் குறைஞ்சிது. எங்கட மாதிரி ஆக்கள் எண்டு பாத்தா சென்னையில நடந்த ஆராய்ச்சி இரிக்கி, 2006ல வந்தது, அதில 28.5 வீதம் குறைஞ்சிது. அங்க எல்லாருக்கும் குடும்பப் பரம்பரை இல்லாமலா இருந்திருக்கும்?

பரம்பரையா வாறது ஜீன் மட்டும் இல்ல, குசினியும் வருது. மலையாக் குவிச்ச சோறு, தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி, பின்னேரம் சோட்டீஸ், எல்லாம் வாப்பாட்ட இருந்து வந்ததுதான். உங்களுக்குத்தான் மத்தவங்கள விடக் குறைக்கிறதால லாபம் கூட.

பரம்பரை வருத்தம் எண்டா மருந்தே இல்லையா?

பினைல்கீட்டோனூரியா எண்டு ஒரு வருத்தம், ஒரே ஒரு ஜீன் பழுது, சுத்தமான பரம்பரை. கவனிக்காம விட்டா புள்ளைட மூளை பாதிக்கும். 1950களில கண்டுபிடிச்ச வைத்தியம் என்ன தெரியுமா, சாப்பாடு. புரதத்தில இரிக்கிற பினைல்அலனின் எண்ட பொருளக் குறைச்சுக் குடுத்தா புள்ள நல்லா வளருது. நூறு வீதம் ஜீன் வருத்தத்துக்கு சூழல்ல மருந்து. கண் பார்வைக் குறைக்குக் கண்ணாடி போடுறதும் அப்பிடித்தான்.

மச்சாளக் கட்டினா புள்ள ஊனமாப் பிறக்குமா? வீட்ட பேசி வச்சிட்டாங்க.

எங்கட பக்கம் மச்சான் மச்சாள் கட்டுறது காலங்காலமா உள்ளது, அதால பயப்படுத்தாம சொல்றன். இங்கிலாந்து பிராட்போர்டில 2013ல வந்த பெரிய ஆராய்ச்சியில, சொந்தத்தில கட்டாதவங்கள்ற புள்ளையளுக்கு பிறவிக் குறைபாடு 3 வீதம் அளவு, முதல் மச்சான் மச்சாள் கட்டினவங்களுக்கு 6 வீதம் அளவு. இரட்டிப்பு எண்டு சொன்னாலும் சரி, 100ல 94 புள்ள சுகமாப் பிறக்கும் எண்டு சொன்னாலும் சரி, ரெண்டும் ஒரே கணக்குத்தான்.

காரணம், ஒருத்தருக்கு அப்பப்பா மத்தவருக்கு அம்மப்பாவான ஒரே ஆளிட்ட இருந்து ஒளிஞ்சு கிடக்கிற அதே பழுது ஜீன் ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம். தலசீமியா எண்ட ரத்த வருத்தம் அப்பிடித்தான், தாயும் தகப்பனும் காவிகளா (பழுது ஜீன் ஒண்டு இருந்தும் வருத்தம் இல்லாதவங்களா) இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் நாலில ஒரு பங்கு வாய்ப்பு. கலியாணத்துக்கு முந்தி ரெண்டு பேரும் ரத்தம் குடுத்து ஒரு டெஸ்ட் செய்யிறது பொருத்தம் பாக்கிறத விட முக்கியம். நாலு பேருக்கு என்ட கதை பிடிக்காது, பரவால்ல. அந்நியத்தில கட்டுறவங்களுக்கும் இதே டெஸ்ட் வேணும், காவி எங்கயும் இரிக்கலாம்.

ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், மூத்தவன் ஒரு மாதிரி இளையவன் வேற மாதிரி. வளர்ப்பு எண்டா இது எப்பிடி?

முதல்ல, சகோதரங்களுக்கு ஜீன் பாதிதான் ஒண்டு. ரெண்டாவது, ஒரே வீடு எண்டது நீங்க நினைக்கிற அளவுக்கு ஒரே வீடு இல்ல. ஒரு வீட்டச் சொல்றன், 1990ல மூத்தது கைக்குழந்தை, இடம்பெயந்து பள்ளிக்கூடத்தில படுத்து, தகப்பன் எங்க எண்டு தெரியாம வளந்தது. இளையது 2009க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனது, தகப்பன் கட்டார்ல, வீட்டில கரண்ட், கையில போன். ஒரே வாசல்தான், ரெண்டு உலகம். ஆராய்ச்சியாளர்களும் இதத்தான் சொல்றாங்க, குணத்த வடிவமைக்கிற சூழல்ல பெரும்பங்கு சகோதரங்கள் பங்குபோடாத சூழல்தான்.

மூண்டாவது ஒண்டு இரிக்கி, புள்ளையே தன்ட சூழல உண்டாக்குது. வாய்க்காரப் புள்ளையோட எல்லாரும் கதைப்பாங்க, அது இன்னும் கதைக்கப் பழகும். கூச்சப்படுற புள்ளைய ஆரும் கூப்பிடமாட்டாங்க. இதில எது ஜீன் எது வளர்ப்பு எண்டு கத்தி வச்சுப் பிரிக்க ஏலாது.

புள்ள அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதினையில வெட்டுப்புள்ளி எடுக்கல்ல. மண்டையில இல்லாட்டி என்ன செய்ய?

பத்து வயசுப் புள்ளைட ஒரு நாள் சோதினைய வச்சு மண்டைய அளக்கிறத முதல்ல நிப்பாட்டுங்க. ஐக்யூ எண்ட அறிவுச் சோதினைப் புள்ளிக்கு பரம்பரைப் பங்கு இரிக்கி, சின்ன வயசில குறைவு, வளர வளரக் கூடும். ஆனா வட்டைக் கதைய ஞாபகம் வைங்க. 2003ல அமெரிக்காவில ஏழு வயசு இரட்டையர்கள ஆராஞ்ச எரிக் டர்க்ஹைமர் கண்டது, வசதியான குடும்பங்களில ஐக்யூ வித்தியாசத்துக்கு பெரும்பாலும் ஜீன் காரணம், ஏழைக் குடும்பங்களில ஜீன்ட பங்கு கிட்டத்தட்ட பூச்சியம், சூழல்தான் எல்லாம். ஐரோப்பாவில அவ்வளவு வித்தியாசம் தெரியல்ல, அங்க ஏழைக்கும் அரசாங்கம் ஓரளவு பாக்கிறது காரணமா இரிக்கலாம். இன்னொண்டு, ஜேம்ஸ் பிளின் காட்டினது, போன நூற்றாண்டில கன நாடுகளில ஐக்யூ பத்து வருசத்துக்கு 3 புள்ளி அளவில ஏறிக்கொண்டே வந்திருக்கு.

ஐஸ்லாந்தில 2018ல ஒரு நல்ல வேலை செஞ்சாங்க. தாய் தகப்பன்ட்ட இருந்து புள்ளைக்குப் *போகாத* ஜீனையும் பாத்தாங்க, அதுகும் புள்ள எவ்வளவு படிச்சது எண்டதோட சம்பந்தப்படுது. போகாத ஜீன் எப்பிடி வேலை செய்யும்? தாய் தகப்பன் நடந்துக்கிற விதத்தாலதான். அதால நாம ‘பரம்பரை’ எண்டு எழுதுற கணக்குக்குள்ளயே வளர்ப்பும் ஒளிஞ்சிருக்கு.

வாவிக்கு அங்கால படுவான்கரையில வாத்தியார் வரப் படகு பாக்கிற பள்ளிக்கூடத்துப் புள்ளையும் டவுண் புள்ளையும் எழுதுறது ஒரே பேப்பர். மண்டைய ஒப்பிட முந்தி அதப் பாருங்க.

அப்பன் குடிகாரன், கோவக்காரன். மகனுக்கும் அந்த ரத்தம் தானே? சம்பந்தம் வந்திருக்கு, குடுக்கலாமா?

குடிக்கு அடிமையாகிறதில பரம்பரைப் பங்கு பாதியளவு எண்டு இரட்டையர் ஆராய்ச்சியள் சொல்லுது. மத்தப் பாதி? கசிப்புக் கிடைக்காத இடத்தில அந்த ஜீன் என்ன செய்யும்? குடிகார அப்பன்ட புள்ளையளில கனபேர் அந்த வீட்டப் பாத்தே ஒரு சொட்டும் தொடாதவங்க. கோவத்துக்கு ஒரு ஜீன், மனச்சோர்வுக்கு ஒரு ஜீன் எண்டு 2000ம் ஆண்டுக் காலத்தில பெரிசா செய்தி வந்துது, 2019ல லட்சக்கணக்கான ஆக்கள வச்சுச் சரிபாத்தா மனச்சோர்வுக்கு எண்டு சொன்ன பேர்போன ஜீனுகள் ஒண்டும் தேறல்ல. சம்பந்தம் குடுக்கிறதெண்டா பொடியனப் பாருங்க, அப்பனயில்ல.

அஞ்சில வளையாதது அம்பதில வளையுமா? சின்னதில கெட்டா கெட்டதுதானா?

ருமேனியாவில 1989ல ஆட்சி கவுந்தபோது அநாதை விடுதியளில புள்ளையள் தூக்க ஆளில்லாம தொட்டிலுக்குள்ளயே கிடந்ததுகள். இங்கிலாந்துக்குத் தத்துப்போன புள்ளையள மைக்கேல் ரட்டரின்ட குழு வருசக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. ஆறு மாச வயசுக்கு முந்திப் போன புள்ளையள் பெரும்பாலும் முழுசாத் தேறிட்டுதுகள். அதுக்குப் பிறகு போனதுகளில ஒரு பங்குக்கு கஷ்டம் பெரிய ஆளாகியும் நிண்டுது, ஆனா அதிலயும் அஞ்சில ஒண்டு ஒரு பிரச்சினையும் இல்லாம நிண்டிச்சு. கெதியா எண்டா நல்லம், பிந்தினாலும் வீண் இல்ல.

யுத்தம், சுனாமி, எங்கட ஆக்கள் பட்ட பாடு ஜீன்ல ஏறி பேரப்புள்ளையளுக்கும் போகுமா?

1944-45 குளிர்காலம், ஜெர்மன்காரன் சாப்பாட்ட மறிச்சதால ஒல்லாந்தில பஞ்சம். அந்நேரம் தாய்ட வயித்தில இருந்தவங்கள அறுபது வருசம் கழிச்சு ஆராஞ்சா, ஒரு ஜீனுக்கு மேல ஒட்டியிருக்கிற வேதி அடையாளம் அவங்கட சகோதரங்கள விட வித்தியாசம், சீனி வருத்தமும் கூட. ஜீன்ட எழுத்து மாறல்ல, அது வேலை செய்யிற அளவ மாத்தக்கூடிய அடையாளம்தான் மாறியிருக்கு. வயித்தில இருக்கக்குள்ள படுறது உடம்பில பதியும் எண்டது உறுதி.

பேரப்புள்ளைக்கும் போகுமா எண்டா, எலியில செடியில காட்டியிருக்காங்க, மனிசரில உறுதியான சான்று இல்ல. எங்கட புள்ளையளுக்கு அது கடத்துப்படுறதுக்கு ஜீனே தேவையில்லயே. கடல் இரைஞ்சா கைய இறுக்கிப் பிடிக்கிற தாய், ராவில வாகனச் சத்தம் கேட்டா லைட்ட நூக்கிற தகப்பன், புள்ள பாத்துப் பழகுது.

சில ஊராக்கள், சில சாதியாக்கள் பிறவியிலேயே கெட்டிக்காரர் எண்டு சொல்றாங்களே?

திரும்ப அந்த ரெண்டு வயல். கூட்டத்துக்குள்ள ஜீன் எவ்வளவு முக்கியமா இருந்தாலும் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தப் பத்தி அது ஒண்டும் சொல்லாது. அதே லெவொன்டின் 1972ல கணக்குப் பாத்தது, மனிசர்ட ஜீன் வித்தியாசத்தில 85 வீதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயே இரிக்கி.

கால்டன்ட கொள்கை போன இடம் இதுதான். அமெரிக்காவில 60,000க்கு மேல ஆக்களுக்கு, ‘மந்தபுத்தி’ எண்டு முத்திரை குத்தி பலவந்தமா கருத்தடை செஞ்சாங்க. ஜெர்மனியில 1933ல சட்டம் போட்டு நாலு லட்சம் பேருக்கு. அதுக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா புள்ள டொக்டரா இஞ்சினியரா எண்டு சொல்லலாமாம், எடுக்கட்டா?

வேணாம். 2022ல 30 லட்சம் ஆக்கள்ற டிஎன்ஏய வச்சு எவ்வளவு வருசம் படிப்பாங்க எண்டு கணக்குப் போட்டாங்க, அவ்வளவு பேர வச்சும் வித்தியாசத்தில 12 தொடக்கம் 16 வீதம்தான் சொல்ல ஏலுமாயிருந்தது. அதுவும் ஐரோப்பிய வம்சத்து ஆக்களுக்கு, எங்கட ஆக்களுக்குப் போட்டா இன்னும் குறையும். ஒரே வீட்டுச் சகோதரங்களுக்குள்ள பாத்தா அதிலயும் நல்லாக் குறையும், ஏனெண்டு ஐஸ்லாந்துப் பதிலில இரிக்கி. பயோவா மெத்ஸா எண்டு கேக்கிறதெண்டா புள்ளைட்டக் கேளுங்க, அதுக்குக் காசு தேவையில்ல. ஜீன் டெஸ்டுக்குக் காசு செலவழிக்கத்தான் வேணுமெண்டா கலியாணத்துக்கு முந்தி தலசீமியாவுக்கு எடுங்க.